மழைக்காட்டை வெட்டினால் யாருக்கு லாபம்?

2024-ம் ஆண்டின் காட்டுக் கணக்கு வெளிவந்தபோது ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு செய்திகள் வந்தன. அமேசானில் காடழிப்பு 6,288 சதுர கிலோமீட்டராக இறங்கிவிட்டது, ஒன்பது ஆண்டுகளில் இதுதான் குறைவு என்று பிரேசில் அரசின் விண்வெளி ஆய்வு நிறுவனம் சொன்னது. சில மாதம் கழித்து அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகம் எடுத்த செயற்கைக்கோள் கணக்கு வந்தது. வெப்பமண்டல நாடுகள் எல்லாம் சேர்ந்து அந்த ஒரே ஆண்டில் 67 லட்சம் ஹெக்டேர் தொன்மைக் காட்டை இழந்துவிட்டன, கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து இவ்வளவு போனதே இல்லை, அதிலும் அதிகம் இழந்தது பிரேசில்தான் என்றது அது. இரண்டு செய்திகளையும் படித்தவர்களில் பலர் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

இரண்டுமே உண்மை. அளந்த பொருள்தான் வேறு. பிரேசிலின் கணக்கு ஆகஸ்டில் தொடங்கி அடுத்த ஜூலையில் முடிகிறது, அமேசானை மட்டும் பார்க்கிறது, மரங்கள் அடியோடு போய் நிலம் வெறுமையான இடங்களைத்தான் எண்ணுகிறது. மேரிலாந்தின் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை, தீயில் கருகிய காடும் அதில் சேர்த்தி. 2024-ல் கடும் வறட்சி, பெருந்தீ பரவியது ஆகஸ்டிலும் அதற்குப் பிறகும், அதாவது பிரேசில் தன் கணக்குப் புத்தகத்தை மூடிய பிறகு. பிரேசிலில் மட்டுமல்லாமல் பக்கத்து பொலிவியாவிலும் எரிந்தது; அந்த ஆண்டு காடு இழந்த நாடுகளில் காங்கோவைத் தாண்டிப் பொலிவியா இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டது.

எனவே விஷயத்துக்குள் போவதற்கு முன் சில சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

1. காடழிப்பு: காட்டை நீக்கி அந்த நிலத்தை மேய்ச்சலுக்கோ பயிருக்கோ சுரங்கத்துக்கோ மாற்றுவது.

2. காட்டுச் சீரழிவு: காடு இருக்கும், ஆனால் உள்ளே பெரிய மரங்கள் போயிருக்கும், தீ புகுந்திருக்கும், விலங்குகள் வேட்டையாடப்பட்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் பச்சையாகத்தான் தெரியும், அதனால் அரசு அறிக்கைகளில் இது எளிதாக விடுபட்டுப் போகிறது.

3. தொன்மைக் காடு: மனிதக் கை பெரிதாகப் படாமல் வளர்ந்து முதிர்ந்த காடு. வெட்டிய இடத்தில் தானாக முளைத்து வருவது இரண்டாம் நிலைக் காடு.

4. 'காடு': இந்தச் சொல்லே சிக்கல்தான். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வரையறைப்படி அரை ஹெக்டேருக்கு மேல் பரப்பு, ஐந்து மீட்டருக்கு மேல் வளரும் மரங்கள், பத்து சதவீதத்துக்கு மேல் நிழல் இருந்தால் அது காடு. இதன்படி ரப்பர் தோட்டம் காடு, எண்ணெய்ப் பனைத் தோட்டம் காடு ஆகாது. ஒரு நாடு தொன்மைக் காட்டை வெட்டி ரப்பரோ காகித மரமோ நட்டுவிட்டு 'எங்கள் காட்டுப் பரப்பு குறையவில்லை' என்று சொன்னால் அந்த வரையறைப்படி அது சரியான கூற்று.

இவ்வளவு செழிப்பான காடு, சத்தே இல்லாத மண்

மழைக்காட்டைப் பார்க்கிற யாருக்கும் தோன்றுவது, இந்த மண்ணில் எதைப் போட்டாலும் விளையும் என்பதுதான். நூறாண்டுகளாகக் குடியேறியவர்களும் திட்டம் போட்டவர்களும் இப்படித்தான் நினைத்தார்கள், பலர் அதற்குப் பெரிய விலை கொடுத்தார்கள். அமேசானின் பெரும்பகுதி மண் மிகப் பழையது. கோடிக்கணக்கான ஆண்டுகள் மழை கழுவிக் கழுவிச் சத்தெல்லாம் போய், இரும்பும் அலுமினியமும் மிஞ்சிய செம்மண். சத்து எங்கே இருக்கிறது என்றால் மரத்தில், இலையில், கொடியில், உயிரோடு இருக்கிற எல்லாவற்றிலும். ஓர் இலை கீழே விழுந்தால் வெப்பத்திலும் ஈரத்திலும் சில மாதங்களுக்குள் மக்கிவிடும். அந்தச் சத்து மண்ணுக்குள் இறங்குவதற்குள், தரையோடு தரையாகப் பாய் போலப் பின்னிக் கிடக்கும் வேர்களும் அவற்றோடு ஒட்டி வாழும் பூஞ்சை இழைகளும் அதை உறிஞ்சி மறுபடி மேலே அனுப்பிவிடுகின்றன. சேமிப்பு என்று எதுவும் கிடையாது, எல்லாமே கையிலிருந்து கைக்கு மாறும் ரொக்கம்.

மழையில் கொஞ்சம் பாஸ்பரஸ் எப்படியும் கரைந்து ஓடத்தான் செய்யும். அந்த இழப்பை ஈடுகட்டுவதில் ஆப்பிரிக்காவுக்கும் பங்கு உண்டு. சாட் நாட்டில் போடேலே என்கிற வறண்ட ஏரிப்படுகையிலிருந்து கிளம்பும் தூசி சகாராக் காற்றோடு அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்து அமேசானில் விழுகிறது. அதில் ஆண்டுக்குச் சுமார் 22,000 டன் பாஸ்பரஸ் இருப்பதாக 2015-ல் செயற்கைக்கோள் தரவுகளை வைத்துக் கணக்கிட்டார்கள். மழையில் கரைந்து போகும் அளவுக்கு ஏறக்குறைய சமம்.

இப்போது இந்தக் காட்டை வெட்டி எரித்தால் என்ன ஆகும்? மரத்தில் இருந்த சத்தெல்லாம் ஒரே நாளில் சாம்பலாகி மண்ணில் விழும். முதல் இரண்டு மூன்று ஆண்டு விளைச்சல் நன்றாக இருக்கும். அப்புறம் மழை அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். உரம் வாங்கக் காசில்லாத குடியானவர் அடுத்த துண்டை வெட்டப் போவார், இல்லையென்றால் அந்த நிலத்தைப் புல் விதைத்து மாடு மேய்ப்பவரிடம் கொடுத்துவிட்டு நகர்வார். பேராசை, அறியாமை என்று இதற்குப் பெயர் வைப்பது நியாயமில்லை. அந்த மண்ணின் கணக்கு அவரை அப்படித் தள்ளுகிறது.

மழைக்கும் இந்தக் காடுதான் காரணம்

மழை பெய்வதால் காடு இருக்கிறது என்பது பாதி உண்மை. மீதிப் பாதியை 1970-களில் எனேயாஸ் சலாட்டி என்ற பிரேசில் விஞ்ஞானி காட்டினார். அட்லாண்டிக் கரையிலிருந்து உள்நாட்டுக்குப் போகப் போக மழைநீரில் உள்ள ஆக்சிஜன் வகைகளின் விகிதத்தை அளந்துகொண்டே போனார். எல்லா மழையும் நேரடியாகக் கடலிலிருந்து வந்திருந்தால் அந்த விகிதம் ஒரு மாதிரி மாறியிருக்க வேண்டும், அப்படி மாறவில்லை. அமேசானில் பெய்யும் மழையில் ஏறத்தாழ பாதி, காடு ஆவியாக வெளிவிட்ட நீரே திரும்பப் பெய்வது என்ற முடிவுக்கு வந்தார்கள். ஒரே நீர், கடற்கரையிலிருந்து ஆண்டிஸ் மலை போய்ச் சேர்வதற்குள் பலமுறை விழுந்து எழுகிறது. பெரிய மரம் ஒன்று ஒரு நாளில் பல நூறு லிட்டர் நீரை இலை வழியே ஆவியாக்கும்.

அந்த ஈரக்காற்று ஆண்டிஸில் மோதித் தெற்கே திரும்பி, தென் பிரேசில், பராகுவே, வட அர்ஜென்டினா வயல்கள் வரை போகிறது. 'பறக்கும் ஆறுகள்' என்று பிரேசில்காரர்கள் சொல்வது இதைத்தான். பிரேசிலின் பயிர் நிலத்தில் பெரும்பகுதி மழையை நம்பியது, பாசனத்தை அல்ல. காட்டை வெட்டிப் பயிர் செய்தால் வருமானம் என்கிற வாதம் ஒரு பண்ணைக்குச் சரியாக இருக்கலாம், எல்லாப் பண்ணைகளையும் சேர்த்துப் பார்த்தால் அவர்கள் வெட்டுவது தங்கள் வயலுக்கு வருகிற மழையை.

இதில் ஓர் எல்லைக்கோடும் இருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் காடு குறைந்தால் மீதிக் காட்டுக்குத் தேவையான மழையும் வராது, கிழக்கிலும் தெற்கிலும் அது தானாகவே காய்ந்து புதர்வெளியாக மாறத் தொடங்கும். புவி வெப்பமாதலையும் தீயையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கோடு 20 முதல் 25 சதவீத அழிப்பில் இருக்கலாம் என்று தாமஸ் லவ்ஜாய், கார்லோஸ் நோப்ரே என்ற இரு விஞ்ஞானிகள் 2018-ல் எழுதினார்கள். இதுவரை ஆறில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டது. கோடு சரியாக அங்கேதான் என்று அடித்துச் சொல்ல முடியாது, விஞ்ஞானிகளிடையே வேறு கணக்குகளும் உண்டு. ஆனால் தென்கிழக்கு அமேசான் இப்போது உள்ளிழுப்பதைவிட அதிகக் கார்பனை வெளிவிடுகிறது என்று விமானத்தில் பறந்து காற்றின் மாதிரி எடுத்து அளந்த ஆய்வு 2021-ல் வந்துவிட்டது. அது வருங்காலக் கணிப்பு கிடையாது, எடுத்துப் பார்த்த அளவு.

வெட்டுவது யார், எதற்கு

காட்டுக்கு முதலில் வருவது சாலை. அமேசானில் காடழிப்பில் ஏறக்குறைய 95 சதவீதம் ஒரு சாலையிலிருந்து ஐந்தரைக் கிலோமீட்டருக்குள், அல்லது ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் நடந்திருக்கிறது. பிரேசிலின் ரொண்டோனியா மாநிலத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் நடுவில் நெடுஞ்சாலை, இரண்டு பக்கமும் சம இடைவெளியில் கிளைச் சாலைகள், அவற்றை ஒட்டி வெட்டப்பட்ட பட்டைகள், அச்சு அசலாக ஒரு மீன் முள்.

சாலை வந்த பிறகு நடப்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான செய்திகளில் இந்த இடம்தான் விட்டுப்போகிறது.

1. விலை உயர்ந்த மரங்களை மட்டும் தேடி எடுத்துப் போவார்கள். அந்தக் காசில் உள்ளே போகும் பாதை கொஞ்சம் நீளும்.

2. மீதி மரங்களை வறண்ட பருவம் தொடங்கும்போது சாய்த்து, சில மாதம் காயவிட்டு, மழைக்கு முன் தீ வைப்பார்கள்.

3. சாம்பலில் புல் விதை. அப்புறம் வேலி, அப்புறம் மாடு. ஹெக்டேருக்கு ஒரு மாடு என்கிற அளவில்தான் இருக்கும். மாட்டிறைச்சி வியாபாரமாகப் பார்த்தால் இது மிகச் சோம்பலான வியாபாரம்.

4. ஆனால் மாட்டை அங்கே நிறுத்துவது இறைச்சிக்காக மட்டும் அல்ல. 'இந்த நிலத்தை நான் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்' என்பதற்கு மாடுதான் சாட்சி. நிலம் அரசுப் புறம்போக்கு, யாருக்கும் ஒதுக்கப்படாத காடு. என்றாவது ஒரு நாள் அரசு பட்டா கொடுக்கும் என்று காத்திருப்பார்கள்.

5. பிரேசில் அரசும் கொடுத்தது. 2009-ல் வந்த சட்டம், 2004 டிசம்பருக்கு முன் ஆக்கிரமித்தவர்களுக்குப் பட்டா தர வழி செய்தது. 2017-ல் திருத்தி அந்தத் தேதியை 2008 ஜூலை வரை தள்ளினார்கள். இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் என்ன முடிவுக்கு வருவார்? இன்று வெட்டினாலும் தேதி நாளைக்கு நகரும்.

வெட்டிய காட்டுக்கு விலை இருக்கிறது, வெட்டாத காட்டுக்குக் கிடையாது. வளர்ச்சியா காடா என்று விவாதிக்கிறோம், அமேசானில் வெட்டப்பட்ட நிலத்தின் பெரும்பகுதியை வளர்ச்சி என்று சொல்வதே கடினம். அது நில ஊகம். பொதுச் சொத்தை ஆக்கிரமித்துத் தனிச்சொத்தாக மாற்றும் வேலை, அதில் லாபம் சிலருக்கு, மழை குறைகிற நஷ்டம் எல்லோருக்கும். என் கருத்தில் இந்த விஷயத்தில் புரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி இதுதான்.

எல்லா இடத்திலும் இதே கதை என்று சொல்லிவிட முடியாது. காங்கோ படுகையில் அழிவின் பெரும்பங்கு சின்னக் குடும்பங்களின் சாகுபடியாலும் கரி மூட்டத்தாலும் வருகிறது. சமைக்க மின்சாரமோ எரிவாயுவோ இல்லாத பெருநகரங்களுக்குப் போவது அந்தக் கரிதான். அங்கே பண்ணை முதலாளிக்கு அபராதம் போடுகிற வைத்தியம் செல்லாது, அடுப்புக்கு வேறு எரிபொருள் வேண்டும்.

எண்ணெய்ப் பனையும் கரிநிலமும்

தென்கிழக்கு ஆசியாவில் காரணம் எண்ணெய்ப் பனை, காகித மரம். உலகப் பாமாயிலில் சுமார் 85 சதவீதம் இந்தோனேசியா, மலேசியா இரண்டிலிருந்தும் வருகிறது. பாமாயிலே வாங்கக்கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். அவர்கள் ஆதங்கம் புரிகிறது, ஆனால் ஒரு ஹெக்டேர் பனையில் கிடைக்கிற எண்ணெய் சோயாவில் கிடைப்பதைப் போலப் பல மடங்கு. அதே எண்ணெயைச் சோயாவிலிருந்து எடுக்கப் போனால் இன்னும் அதிக நிலம் வேண்டும். பனை எங்கே நடப்படுகிறது என்பதுதான் பிரச்சினை.

மோசமான இடம் கரிநிலம். நீர் தேங்கிய சதுப்பில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இலைதழை முழுசாக மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்த நிலம், சில இடங்களில் பத்து மீட்டர் ஆழத்துக்கும் மேல். நீர் இருக்கும்வரை பாதுகாப்பு. வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் அது காய்ந்த எரிபொருள். இந்தோனேசியா 1996-ல் மத்திய காலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேர் சதுப்பை நெல்வயலாக்கும் திட்டத்தைத் தொடங்கி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டியது. நெல் சரியாக விளையவே இல்லை. அடுத்த ஆண்டே எல் நினோ வறட்சி, அந்த நிலம் மண்ணுக்கடியில் மாதக்கணக்கில் புகைந்து எரிந்தது. 2015-ல் மறுபடி பெருந்தீ, நாடு முழுக்க 26 லட்சம் ஹெக்டேர், இழப்பு 1,600 கோடி டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. அதற்குப் பிறகு அரசு உண்மையாகவே சில வேலைகள் செய்தது. 2011-ல் தற்காலிகமாகத் தொடங்கிய புதிய உரிமத் தடையை 2019-ல் நிரந்தரமாக்கியது, தொன்மைக் காடு இழப்பும் 2016-க்குப் பின் நன்றாக இறங்கியது.

2004-க்கும் 2012-க்கும் நடுவில் நடந்தது

காட்டைக் காத்தால் வருமானம் போய்விடும் என்பவர்களுக்கு எடுத்துக்காட்ட ஒரு நாடு வேண்டுமென்றால் அது பிரேசில்தான். 2004-ல் அமேசானில் அழிந்தது 27,772 சதுர கிலோமீட்டர். 2012-ல் 4,571. எட்டே ஆண்டில் 83 சதவீதத்துக்கும் மேல் குறைவு. அதே எட்டு ஆண்டுகளில் பிரேசிலின் சோயா உற்பத்தியும் மாட்டிறைச்சி உற்பத்தியும் ஏறின. எப்படி?

1. கண்: 2004-ல் தொடங்கிய 'டெட்டர்' என்ற செயற்கைக்கோள் எச்சரிக்கை முறை. ஆண்டு முடிந்து எவ்வளவு போயிற்று என்று தெரிந்துகொள்வதற்குப் பதிலாக, வெட்டிக்கொண்டிருக்கும்போதே அதிகாரிகளுக்குத் தகவல் போனது.

2. பட்டா கிடைக்கும் நம்பிக்கையை உடைத்தது: ஒதுக்கப்படாத காட்டைப் பெரிய அளவில் காப்பகமாகவும் பழங்குடி நிலமாகவும் அறிவித்தார்கள். ஒதுக்கிய நிலத்துக்குப் பிற்காலத்தில் பட்டா கிடைக்காது, ஆகவே வெட்டுவதில் பயனில்லை.

3. சந்தை: 2006-ல் பெரிய சோயா வியாபாரிகள், அந்தத் தேதிக்குப் பிறகு அமேசானில் வெட்டிய நிலத்துச் சோயாவை வாங்கமாட்டோம் என்று ஒப்புக்கொண்டார்கள். அதற்கு முன் அங்கே சோயா பரவியதில் 30 சதவீதம் புதிதாகக் காடழித்த நிலத்தில். 2014 வாக்கில் அது ஒரு சதவீத அளவுக்கு வந்துவிட்டது. சோயா ஏற்கெனவே வெட்டிக் கிடந்த மேய்ச்சல் நிலத்துக்கு நகர்ந்தது.

4. கடன்: 2008 முதல், நில ஆவணமும் சுற்றுச்சூழல் விதி இணக்கமும் காட்டாத பண்ணைக்கு அமேசானில் வங்கிகள் வேளாண் கடன் தரக்கூடாது. பண்ணைக்காரருக்கு அபராதத்தைவிட இது உறைத்தது, அபராதத்தை இழுத்தடிக்கலாம், கடன் இல்லாமல் விதைக்க முடியாது.

பிறகு கண்காணிப்புத் தளர்ந்தது, 2021-ல் 13,038 சதுர கிலோமீட்டர் என்று ஏறிற்று. மறுபடி இறுக்கியபோது 2024-ல் 6,288. அதே மண், அதே சந்தை, அதே மக்கள். மாறியது அரசின் பிடி மட்டும். சோயா ஒப்பந்தத்துக்கும் பிரேசிலுக்குள்ளேயே பலத்த எதிர்ப்பு கிளம்பி அண்மையில் அது ஆட்டம் கண்டிருக்கிறது என்பதால் இந்த ஏற்ற இறக்கக் கதை இன்னும் முடியவில்லை.

பழங்குடி நிலங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிரேசிலில் 1961-ல் உருவான ஷிங்கு பழங்குடிப் பூங்காவைச் செயற்கைக்கோள் படத்தில் பாருங்கள். சுற்றிலும் பழுப்பு நிறத்தில் சோயாவும் மேய்ச்சலும், நடுவில் கத்தியால் வெட்டிவைத்தது போல நேர்கோட்டு விளிம்போடு பச்சை. அந்த விளிம்பை அங்கே நிறுத்தி வைத்திருப்பது நில உரிமையும், அதைக் காவல் காக்கும் மக்களும். பல இடங்களில் உயிரைக் கொடுத்துக் காக்கிறார்கள். ரப்பர் பால் எடுக்கும் தொழிலாளர்களின் தலைவர் சிகோ மென்டிஸ் 1988 டிசம்பரில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அது உலகத்துக்குத் தெரிந்த ஒரு பெயர், தெரியாத பெயர்கள் மிக அதிகம்.

பணம் கொடுத்துக் காக்க முடியுமா

நிற்கும் காட்டுக்கு விலை இல்லை என்பது பிரச்சினை என்றால் விலை வைத்துவிடலாமே என்று தோன்றும். முயன்றிருக்கிறார்கள். கோஸ்டா ரிக்கா 1996-ல் சட்டம் போட்டு, எரிபொருள் வரியில் ஒரு பங்கை எடுத்துக் காட்டை வைத்திருக்கும் நில உரிமையாளர்களுக்குக் கொடுத்தது. இன்று அந்த நாட்டில் பாதிக்கு மேல் காடு. முழுப் பெருமையையும் அந்தத் திட்டத்துக்குக் கொடுக்க முடியாது. இறைச்சி விலை விழுந்து மேய்ச்சல் மானியங்கள் நின்றதும் காடு அதற்கு முன்பே திரும்ப ஆரம்பித்திருந்தது. வெட்டுவதற்குக் கொடுத்த காசை நிறுத்தியது, காப்பதற்குக் கொடுத்த காசைப் போலவே வேலை செய்தது.

எக்வடார் 2007-ல் வேறு யோசனை சொன்னது. யாசுனி காட்டுக்கடியில் உள்ள எண்ணெயை எடுக்காமல் விட்டுவிடுகிறோம், அதன் மதிப்பில் பாதியை, 360 கோடி டாலரை, உலகம் கொடுக்கட்டும். 2013 வரை கையில் வந்தது சுமார் 1.3 கோடி டாலர். திட்டத்தைக் கைவிட்டு எண்ணெய் எடுத்தார்கள். 2023 ஆகஸ்டில் பொது வாக்கெடுப்பு நடந்தது, 59 சதவீதம் பேர் எண்ணெய் எடுப்பதை நிறுத்து என்று வாக்களித்தார்கள். பணக்கார நாடுகள் செய்யாததை, அந்த வருமானம் தேவைப்பட்ட மக்களே செய்தார்கள். இதை நினைக்கும்போது கோபமும் மரியாதையும் சேர்ந்து வருகிறது.

காட்டைக் காத்து, காற்றில் சேராமல் தடுத்த கார்பனுக்குச் சான்று போட்டு விற்பதுதான் கார்பன் கிரெடிட். அது பற்றிய செய்திகளைப் படிக்கும்போது மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. பணம் கொடுக்காவிட்டாலும் அந்தக் காடு நின்றிருக்குமா? நின்றிருக்கும் என்றால் வாங்கியவர் காற்றுக்குக் காசு கொடுத்திருக்கிறார்.

2. இங்கே தடுத்த கோடரி பக்கத்துக் காட்டுக்குப் போய்விட்டதா?

3. இருபது ஆண்டு கழித்துத் தீ வந்தால்? விற்ற கிரெடிட்டுக்கு யார் ஈடு செய்வார்கள்? கார்பன் காற்றில் போய்விட்டிருக்கும்.

2025 நவம்பரில் பிரேசிலின் பெலேம் நகரில் நடந்த காலநிலை மாநாட்டில் பிரேசில் ஒரு நிதியத்தைத் தொடங்கியது. 12,500 கோடி டாலர் திரட்டி முதலீடு செய்து, அதன் லாபத்தில் நிற்கும் காட்டுக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு நான்கு டாலர் அளவில் அந்தந்த நாட்டுக்குக் கொடுப்பது, காடு குறைந்தால் பிடித்தம், ஐந்தில் ஒரு பங்கு பழங்குடி மக்களுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும். மாநாட்டில் வாக்களிக்கப்பட்டது 600 கோடி டாலருக்கு மேல். நல்ல யோசனைதான், வெட்டாமல் வைத்திருக்கும் நாட்டுக்கும் பணம் வருவது இதில் புதுமை. ஆனால் நான்கு டாலரைப் பார்த்து ஆக்கிரமிப்பவர் கோடரியைக் கீழே போடமாட்டார், பட்டா கிடைத்தால் அவருக்கு வருவது அதைப் போலப் பல மடங்கு. அந்தப் பணம் அரசுக்கு, காவலர் சம்பளத்துக்கும் கண்காணிப்புக்கும் பழங்குடி நில எல்லைக்கும் போனால்தான் பலன்.

வெட்டியது திரும்ப வளராதா என்பதற்கும் பதில் உண்டு. வளரும். கைவிட்ட நிலத்தில், பக்கத்தில் காடு மிச்சம் இருந்தால், மண் பத்து ஆண்டுகளுக்குள் தேறுகிறது; மரங்களின் மொத்த எடையும் இன வகைகளின் கலவையும் பழைய நிலைக்கு வர 120 ஆண்டுக்கு மேல் ஆகிறது. 2021-ல் வெளிவந்த பெரிய ஆய்வின் முடிவு இது. வெட்டியதை வளரவிடுவது அவசியம், அதை வைத்து வெட்டுவதை நியாயப்படுத்த முடியாது.

இப்போது கவனிக்க வேண்டியது பிரேசில் அமேசானில் மனாஸ் நகரையும் போர்ட்டோ வெல்யோ நகரையும் இணைக்கும் பி.ஆர்.-319 சாலை. 1970-களில் போட்டு, பராமரிப்பின்றிச் சிதைந்து, நடுவில் சுமார் 400 கிலோமீட்டர் மழைக்காலத்தில் வண்டி போக முடியாத சேறாகக் கிடக்கிறது. அதை மறுபடி தார் போட வேண்டும் என்பது அங்கே வாழ்பவர்களின் நியாயமான கோரிக்கை, மருத்துவமனைக்குப் போக அவர்களுக்கும் சாலை வேண்டும். சாலையின் இரு பக்கமும் அமேசானில் மிச்சமிருக்கிற மிகப் பெரிய, இதுவரை மீன் முள் விழாத காடுகளில் ஒன்று. உரிமமும் நீதிமன்றமுமாகப் பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டிருக்கிறது. தார் போடுவதற்கு முன் அந்தப் புறம்போக்கைக் காப்பகமாகவும் பழங்குடி நிலமாகவும் ஒதுக்கி முடிப்பார்களா, அல்லது தார் முதலில் வந்து ஒதுக்கீடு அப்புறம் வருமா என்று பாருங்கள். 1980-களில் ரொண்டோனியாவில் தார் முதலில் வந்தது.